அம்மாவுக்கு ஒரு கால் மட்டும் மரத்தது ஏன்? எபிடூரலும் உடம்பை வைக்கும் விதமும்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது. இரண்டு வருடம் முன்பு அம்மாவுக்கு இரண்டு முழங்கால் மூட்டையும் ஒரே நாளில் மாற்றினார்கள். வலிக்காக முதுகில் எபிடூரல் குழாய் வைத்தார்கள், நரம்புகளுக்கு அருகே மரப்பு மருந்து விடும் மெல்லிய குழாய். வலது கால் சுகமாக இருந்தது. இடது கால் இரவெல்லாம் துடித்தது. "அம்மா வலது பக்கமாவே ஒருக்களிச்சுப் படுத்திருந்தாங்க, மருந்து அந்தப் பக்கமே இறங்கிடுச்சு" என்று காரணம் சொன்னார்கள். இப்போது 70 வயது அப்பாவுக்கு ஒரு முழங்கால். அவருக்கு முதுகு சரியாக வளையாது. எப்படி உட்கார வைப்பார்கள், படுத்தபடியே போட முடியுமா, போட்ட பிறகு அசையாமல் கிடக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

மயக்க மருந்து கொடுப்பது என் தொழில். முதுகுகளைப் பார்த்தே பாதி வாழ்க்கை போய்விட்டது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

அம்மாவுக்குச் சொல்லப்பட்ட காரணத்தில் உண்மை கால்பங்கு கூடத் தேறாது. எபிடூரலில் உடம்பை எப்படி வைக்கிறோம் என்பது பெரிய விஷயம்தான். ஊசி சரியான இடத்துக்குப் போய்ச் சேர அது வேண்டும். போன குழாய் அங்கேயே நிற்க அதைவிட அதிகமாக வேண்டும். மரத்துப்போன காலுக்குக் காயம் வராமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். உள்ளே போன மருந்து இந்தப் பக்கம் ஓடுமா அந்தப் பக்கம் ஓடுமா என்பதில் மட்டும் அதற்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. ஆனால் மக்கள் நினைப்பது இதற்கு நேர் எதிராக. வார்டில் வேலை செய்பவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள்.

இந்த நம்பிக்கை ஸ்பைனலிலிருந்து வந்தது. நம் ஊரில் இரண்டுக்கும் "முதுகுல ஊசி" என்று ஒரே பெயர். ஆனால் இரண்டும் வேறு வேறு இடங்கள். தண்டுவடத்தையும் அதிலிருந்து இறங்கும் நரம்புகளையும் சுற்றி டூரா என்று ஓர் உறை இருக்கிறது. உறைக்குள் தெளிந்த நீர். ஸ்பைனலில் மெல்லிய ஊசி அந்த உறையைத் துளைத்து நீருக்குள் இரண்டரை, மூன்று மில்லி மருந்தை விடுகிறது. நாங்கள் வழக்கமாக எடுக்கும் ஆம்பூலில் "ஹெவி" என்று போட்டிருக்கும். மில்லிக்கு 80 மில்லிகிராம் சர்க்கரை சேர்த்து, அந்த நீரைவிடக் கனமாக்கிய பியூபிவக்கைன் என்ற மரப்பு மருந்து அது. சொம்புத் தண்ணீரில் விட்ட வெல்லப்பாகு மாதிரி அடியைப் பார்த்து இறங்கும். மூல ஆபரேஷனுக்கு, போட்டபின் வேண்டுமென்றே ஐந்து நிமிடம் உட்கார வைத்துவிடுவோம். உட்காரும் இடம் மட்டும் நன்றாக மரத்துப்போகும். ஒருக்களித்துப் போட்டு அப்படியே விட்டால் அடியில் இருக்கும் கால் அதிகமாக மரக்கும். அங்கே பூமியின் ஈர்ப்புக்கு முழு ஆட்சி.

எபிடூரல் உறைக்கு வெளியே. அங்கே தேங்கிய நீர் கிடையாது. கொழுப்பு, மெல்லிய சிரைகள், வெளியேறிப் போகும் நரம்பு வேர்கள், அவ்வளவுதான். இலவம்பஞ்சு திணித்த குழாயில் தண்ணீர் விட்டால் எப்படிப் போகுமோ அப்படித்தான் அங்கே மருந்து போகிறது. எந்த இடத்தில் விட்டோம், எத்தனை மில்லி விட்டோம் என்பதுதான் கணக்கு. முதுகெலும்பில் நரம்பு வெளியேறும் ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒன்று முதல் இரண்டு மில்லி என்று போடுவோம், வயதானவர்களுக்குக் குறைத்துக்கொள்வோம். ஒருக்களித்த நிலையில் மருந்து கொடுத்தால் அடியில் இருக்கும் பக்கம் சில நிமிடம் முன்னதாக மரக்கும், ஓரிரு மட்டம் மேலே ஏறும். அந்த வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு முழங்கால் பஞ்சு மாதிரியும் மறு முழங்கால் நெருப்பு மாதிரியும் இருப்பதற்கு அது போதாது.

அப்படியானால் அம்மாவுக்கு என்ன நடந்திருக்கும்? நான் நேரில் பார்க்கவில்லை. ஆனாலும் இந்தக் கதை எனக்குப் பழக்கமானது. முழங்கால் மாற்றுக்கு இங்கே பல இடங்களில் இரண்டையும் சேர்த்துப் போடுவார்கள்: ஆபரேஷனுக்கு ஸ்பைனல், அதன் பிறகான வலிக்கு எபிடூரல் குழாய். டேபிளில் இருக்கும்போது இரண்டு காலும் நன்றாக மரத்திருக்கும், ஏனென்றால் வேலை செய்வது ஸ்பைனல். மூன்று மணி நேரம் கழித்து அது இறங்கும்போதுதான் எபிடூரல் குழாயின் யோக்கியதை தெரியும். அதுவரை அதை யாரும் சோதித்திருக்க முடியாது. அந்த நேரம் பார்த்து நோயாளி வார்டில் இருப்பார், இரவாகியிருக்கும், குழாய் வைத்த டாக்டர் வீட்டுக்குப் போயிருப்பார். ஒரு பக்க வலி இரவில் வந்ததற்கு இதுதான் முதல் காரணமாக எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் குழாய் ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்தது? பெரும்பாலும் நுனி நடுவில் இருந்திருக்காது. எபிடூரல் இடம் இடுப்புப் பகுதியில் நடுக்கோட்டில் பின்னிருந்து முன்னாக ஐந்தாறு மில்லிமீட்டர்தான். அதில் மூன்றிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் குழாயைத்தான் விடுவோம். "வெளிய வந்துடக் கூடாது" என்று பயந்து ஏழெட்டு சென்டிமீட்டர் விட்டால் அது சுருளும், அல்லது ஓரமாகப் போய் நரம்பு வெளியேறும் துவாரத்துக்குள் மூக்கை நுழைக்கும். பிறகு எத்தனை மில்லி ஏற்றினாலும் அந்தப் பக்கத்து நரம்புகளுக்கு மட்டும்தான் விருந்து. இதற்கு வழி, உள்ளே மூன்று சென்டிமீட்டர் நிற்கும்படி குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, வலிக்கும் பக்கம் அடியில் வரும்படி படுக்க வைத்து, இன்னும் சில மில்லி கொடுத்துப் பார்ப்பது. அரைமணியில் பலன் இல்லையென்றால் அந்தக் குழாயோடு மல்லுக்கட்டாமல் வேறு வழிக்குப் போய்விட வேண்டும். தொடையில் ஒரு நரம்புத் தடுப்பு ஊசி போட்டிருந்தால் அம்மா அன்றிரவு தூங்கியிருப்பார். புரட்டிப் படுக்க வைப்பது மட்டும் போதாது. அம்மா மீது எந்தத் தவறும் இல்லை, அதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி அப்பா. ஊசி போடும் நேரத்தில் உடம்பை வைப்பதுதான் முக்கால் வேலை. பின்முதுகைத் தடவினால் வரிசையாக முடிச்சுகள் தட்டுப்படும் அல்லவா, ஊசி இரண்டு முடிச்சுகளுக்கு இடையே போக வேண்டும். இரண்டு பக்க இடுப்பெலும்பின் உச்சியைக் கோடு போட்டு இணைத்தால் அது சுமாராக நான்காவது இடுப்பு முள்ளெலும்பைத் தொடும். அதை வைத்து எண்ணிக்கொள்வோம். தண்டுவடம் முதல், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு அளவிலேயே முடிந்துவிடுவதால் அதற்குக் கீழே ஊசி போடுவதில் தண்டுவடத்துக்குப் பயமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தால் முடிச்சுகள் ஒன்றோடொன்று நெருங்கி வழி அடைத்துக்கொள்ளும். கீழ்முதுகைப் பின்பக்கம் தள்ளிக் கூனினால் விரியும்.

இங்கேதான் எல்லோரும் தப்பு செய்வார்கள். "குனிங்க" என்றால் இடுப்பிலிருந்து முன்னால் சாய்வார்கள், சாமி கும்பிடுவது போல. தலை கீழே போகும், முதுகு பலகை மாதிரி நேராகவே இருக்கும். எங்களுக்கு வேண்டியது சாய்வதல்ல, கூனுவது. மார்கழிக் காலையில் திண்ணையில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் முதுகு. அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து காய் நறுக்கும் பாட்டியின் முதுகும் அதேதான். நான் "குனிங்க" என்று சொல்வதையே விட்டுவிட்டேன். கீழ்முதுகில் ஒரு விரலை வைத்து, "என் விரலைப் பின்னால தள்ளுங்க ஐயா" என்பேன். முதுகு தானாக வளையும். பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு இது ஒரே தடவையில் வேலை செய்கிறது. (இது ஆய்வுக் கணக்கு அல்ல, என் கை அனுபவம்.)

டேபிளின் ஓரத்தில் உட்கார வைப்பார்கள். காலுக்குக் கீழே ஸ்டூல் இருக்க வேண்டும், முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே வரும்படி. மடியில் ஒரு தலையணையைக் கட்டிப்பிடிக்கச் சொல்வார்கள். தாடை நெஞ்சில், தோள் இரண்டும் தொங்கலாக. முன்னால் ஒரு சிஸ்டர் அல்லது தியேட்டர் உதவியாளர் நின்று தோளைப் பிடித்திருப்பார். அவர் சும்மா நிற்கவில்லை. நோயாளி திடீரென்று துள்ளாமல் இருப்பதும், வியர்த்து நாடி குறைந்து மயங்கி விழப்போகிறாரா என்று முகத்தைப் பார்ப்பதும் அவர் வேலை. எங்களுக்கு முதுகுதான் தெரியும், முகம் தெரியாது.

மூட்டு நோயாளிகளில் இன்னொரு வம்பு உண்டு. வலிக்கும் முழங்கால் முழுதாக மடங்காது, அல்லது முழுதாக நீளாது. ஒரு பாதம் ஸ்டூலில் பதிந்திருக்கும், மறுபாதம் அந்தரத்தில் தொங்கும். இடுப்பு ஒரு பக்கம் சாயும். இடுப்பு சாய்ந்தால் முதுகெலும்பு திரும்பும். நடுக்கோடு என்று நினைத்து நேராக விட்ட ஊசி எலும்பில் போய் முட்டும். ஒருமுறை ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்கு மூன்று முறை எலும்பிலேயே முட்டினேன். நான்காவது முறைக்கு முன்னால்தான் அவருடைய கால்களைக் குனிந்து பார்த்தேன். இடது பாதம் ஸ்டூலுக்கு நான்கு விரல் மேலே நின்றது. மடித்த போர்வை ஒன்றை அதற்கு அடியில் வைத்தோம், இடுப்பு சமமானது, ஊசி முதல் தள்ளலிலேயே போனது. "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமே சார்" என்றார். நியாயமான கேள்வி. அன்றிலிருந்து ஊசியைக் கையில் எடுக்கும் முன் பாதங்களைப் பார்க்கிறேன்.

ஊசி உள்ளே போகும்போது எங்கள் விரலில் என்ன தெரிகிறது என்று பலர் கேட்பார்கள். தோலும் கொழுப்பும் வழுக்கிக்கொண்டு போகும். பிறகு பனங்கிழங்கில் குத்துவது போல நார் நாராக ஒரு பிடிப்பு. அதற்கு அடுத்து மஞ்சள் நிறத்தில் ஒரு கெட்டியான பட்டை, அழிரப்பரில் குத்தும் உணர்வு. ஊசியின் பின்னால் மாட்டிய சிரிஞ்சில் உப்புநீரோ காற்றோ இருக்கும். அதன் தண்டை அழுத்தினால் அமுங்காது, விரலைத் திருப்பித் தள்ளும். பட்டையைத் தாண்டிய நொடியில் சட்டென்று அமுங்கிவிடும். தோலிலிருந்து அந்த இடம் பெரும்பாலானவர்களுக்கு நான்கு முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம். அதைத் தாண்டி சில மில்லிமீட்டர் போனால் டூரா. 1921ல் ஸ்பெயின் ராணுவ அறுவை மருத்துவர் ஃபிடல் பாகேஸ் இடுப்பு வழி எபிடூரலை எழுதி வைத்தார். அடுத்த பத்தாண்டில் இத்தாலியின் டோலியோட்டி இந்த "எதிர்ப்பு விழும்" உணர்வைப் பரப்பினார். இத்தனை வருடம் கழித்தும் நாங்கள் நம்புவது அதே கட்டைவிரலைத்தான். அந்த நொடியில் நோயாளி அசைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இருமல், தும்மல் வந்தால், கால் சுரீரென்றால், வாயால் சொல்லச் சொல்லுங்கள் அப்பாவிடம். "டாக்டர், இருமல் வருது" என்று சொன்னால் போதும், நாங்கள் கையை எடுத்துக்கொண்டு காத்திருப்போம். சொல்லாமல் இருமுவதுதான் ஆபத்து.

உட்கார்ந்தா படுத்தா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. உட்கார்ந்தால் நடுக்கோடு தெளிவாகத் தெரியும். பருமனான உடம்பில் இது பெரிய சலுகை. ஆனால் உட்கார்ந்த நிலையில் முதுகுச் சிரைகளில் இரத்தம் தேங்கிப் புடைக்கும், ஊசியோ குழாயோ சிரைக்குள் போகும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். சிலருக்குத் தலை சுற்றும். ஒருக்களித்துப் படுத்தால் நோயாளிக்குச் சுகம், மயங்கி விழும் பயம் இல்லை. இறால் சுருள்வது போல முழங்காலை வயிற்றோடும் தாடையை நெஞ்சோடும் சேர்த்தால் முதுகு நன்றாகவே விரியும். ஆனால் முழங்காலே மடங்காதவரை எப்படிச் சுருட்டுவது? மேலே இருக்கும் இடுப்பு முன்னால் கவிழ்ந்து முதுகு திரும்பிவிடுவதும் சகஜம். இடுப்பு அகன்ற பெண்களுக்கு முதுகெலும்பு தலைப்பக்கம் சரியும். தோள் அகன்ற ஆண்களுக்குக் கால்பக்கம். இதெல்லாம் போடுகிறவர் மனதில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டியது. உங்கள் டாக்டர் எந்த நிலையில் அதிகம் போட்டுப் பழகியிருக்கிறாரோ அந்த நிலைதான் அப்பாவுக்கு நல்ல நிலை. இதில் வாதம் செய்யாதீர்கள்.

இடுப்பெலும்பு முறிந்தவர்கள் கதை வேறு. அவர்களை உட்கார வைத்தாலும் திருப்பினாலும் உயிர் போகும் வலி. முதலில் தொடை மடிப்பில் ஒரு தடுப்பு ஊசி போட்டு, வலி அடங்கிய பிறகுதான் முதுகைத் தொட வேண்டும். அப்பாவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

அவர் முதுகு வளையாது என்கிறீர்கள். பயப்பட வேண்டாம். நடுக்கோட்டில் வழி அடைத்திருந்தால், ஒரு விரல் தள்ளிப் பக்கவாட்டிலிருந்து உள்நோக்கிச் சாய்த்துப் போகும் முறை இருக்கிறது. அதற்கு முதுகு வளைய வேண்டிய அவசியம் மிகக் குறைவு. நெஞ்சுப் பகுதியில் எபிடூரல் போடும்போது எலும்பு முனைகள் ஓட்டுக்கூரை மாதிரி ஒன்றன்மேல் ஒன்று கவிந்திருப்பதால் அங்கே பலரும் இப்படித்தான் போடுகிறோம். அல்ட்ராசவுண்ட் வைத்து நடுக்கோட்டையும் ஆழத்தையும் குறித்துக்கொள்வதும் இப்போது பல இடங்களில் நடக்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் பழைய முதுகு எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு போய், "அப்பாவால வளைய முடியாது" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தியேட்டரில் வைத்துத் தெரிந்துகொள்வதைவிட முந்தின நாள் தெரிந்தால் எங்களுக்கு எவ்வளவோ நிம்மதி.

ஸ்பைனலும் எபிடூரலும் சேர்த்துப் போடும்போது மட்டும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். எபிடூரல் ஊசிக்குள்ளேயே மெல்லிய ஸ்பைனல் ஊசியை விட்டு ஹெவி மருந்தைக் கொடுத்த பிறகு, குழாயை நுழைக்க வேண்டும். நுழைய மறுத்தால் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போகும். உட்கார்ந்தபடியே அந்த நேரம் கழிந்தால் வெல்லப்பாகு அடியில் தேங்கிவிடும், தொடையில் கட்டும் இறுக்குப்பட்டை வரை மரப்பு ஏறாமல் போகலாம். அதனால்தான் சில சமயம், "சீக்கிரம் படுங்க, சீக்கிரம்" என்று எல்லோரும் பரபரப்பார்கள். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று அப்பா நினைத்துக்கொள்ள வேண்டாம்.

குழாய் உள்ளே போய்விட்டது. அடுத்து வரும் அரை நிமிடத்தைத்தான் நான் இந்த முழு வேலையிலும் மிக அலட்சியப்படுத்தப்படும் அரை நிமிடம் என்பேன். முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கும்போது தோல் இழுபட்டு எலும்போடு ஒட்டியிருக்கும். நிமிர்ந்தால் தோல் தளர்ந்து எலும்பிலிருந்து விலகும். ஒருக்களித்துப் படுத்தால் இன்னும் விலகும். அந்த விலகல் பருமனானவர்களுக்கு ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு அதற்கும் மேலே. குனிந்த நிலையிலேயே பிளாஸ்திரி ஒட்டிவிட்டால், நிமிரும்போது தோல் குழாயைப் பிடித்து வெளியே இழுக்கும். மூன்று சென்டிமீட்டர் உள்ளே விட்டதாக நினைத்திருப்போம். நிஜத்தில் ஒன்றரைதான் மிச்சம் இருக்கும். இரவில் ஒருமுறை புரண்டால் அதுவும் போச்சு. ஆரம்ப வருடங்களில் நான் இதைச் செய்திருக்கிறேன். காலையில் வார்டுக்குப் போனால் குழாயின் நுனி சட்டைக்குள் கிடக்கும், நோயாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "கழண்டுடுச்சு" என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். கழற்றியது என் பிளாஸ்திரி.

இப்போது குழாய் போனதும் ஒட்டுவதில்லை. "ஐயா, மெதுவா நிமிர்ந்து உட்காருங்க" என்பேன். தோல் குழாயைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்வது கண்ணுக்கே தெரியும். குழாயில் போட்ட ஒரு சென்டிமீட்டர் கோடு மெல்லத் தோலுக்குள் மறையும். அதன் பிறகே ஒட்டுவேன். முதல்முறை பார்க்கும் பயிற்சி மருத்துவர்கள் ஏதோ வித்தை மாதிரி வாயைப் பிளப்பார்கள்.

போட்ட பிறகு அசையாமல் கிடக்க வேண்டுமா? வேண்டாம். கிடக்கக் கூடாது என்றே சொல்வேன். ஆனால் மரத்த கால் வலியைச் சொல்லாது, அதனால் வேறு யாராவது அதற்காகப் பார்க்க வேண்டும். மல்லாந்து பல மணி நேரம் கிடந்தால் குதிகால் படுக்கையில் அழுந்திப் புண்ணாகும். வலி இருந்திருந்தால் நாமே தூக்கத்தில் காலை மாற்றியிருப்போம். இன்னொரு இடம் முழங்காலுக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே, தொட்டால் உருண்டையாகத் தெரியும் எலும்பு. அதைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. கால் வெளிப்பக்கம் சாய்ந்து கட்டில் கம்பியில் அழுந்தினாலோ, கட்டு இறுக்கமாக இருந்தாலோ அது நசுங்கும். பிறகு பாதத்தை மேலே தூக்க முடியாது, நடக்கும்போது பாதம் தரையில் தட்டும். கட்டைவிரலையும் பாதத்தையும் மேல்நோக்கி இழுக்கச் சொல்லிப் பாருங்கள், இரண்டு மணிக்கு ஒருமுறை. அரை நிமிட வேலை.

முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். மூட்டு மாற்றியவருக்கு அது வேண்டாம், கால் மடங்கியபடியே இறுகிவிடும். தலையணையைக் கெண்டைக்காலுக்கு அடியில் வையுங்கள், குதிகால் காற்றில் தொங்கும்படி. முழங்காலும் நேராகும், குதிகாலும் பிழைக்கும்.

குழாய் வழியே மருந்தைச் செலுத்தும் பம்ப் அலறினால் பயப்படாதீர்கள். சில நேரம் அப்பா சாப்பிட உட்கார்ந்து முன்னால் வளைந்திருப்பார், குழாய் மடங்கி மருந்து போகாமல் நிற்கும். சற்று நிமிரச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் அலறினால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். நீங்கள் பட்டனைத் தொடாதீர்கள். வார்டில் ஓடும் மருந்து ஆபரேஷனுக்குக் கொடுத்ததைவிட மிகவும் நீர்த்தது, 0.1 அல்லது 0.125 சதவீத பியூபிவக்கைன், கூடச் சிறிது ஃபென்டனில் என்ற வலி மருந்தும் இருக்கலாம். வலியை அடக்கும், காலை முழுதாகக் கட்டிப்போடாது. ஆனால் இரத்தக்குழாய்கள் தளர்ந்திருப்பதால் சட்டென்று எழுந்து உட்கார்ந்தால் பி.பி. விழும், கண் இருட்டும். முதலில் தலைமாட்டை உயர்த்துங்கள், கொஞ்சம் பொறுங்கள், பிறகு காலைத் தொங்கப் போட்டு உட்காரட்டும். படுத்தபடி காலை நேராகத் தூக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே, பிசியோதெரபிஸ்ட் கூட இருக்கும்போது நிற்க வேண்டும். அப்பா மாதிரி ஆட்கள் "பாத்ரூம்தானே, நானே போய்க்கிறேன்" என்று இரவு இரண்டு மணிக்கு எழுந்திருப்பார்கள். விழுகிறவர்கள் அவர்கள்தான். கட்டிலுக்கு அருகில் ஒருவர் படுங்கள்.

24 மணி நேரம் தலையணை இல்லாமல் மல்லாந்து கிடந்தால் தலைவலி வராது என்ற நம்பிக்கையும் இன்னும் வார்டுகளில் சுற்றுகிறது. அது தலைவலியைத் தடுப்பதில்லை. டூராவில் துளை பெரிதாக விழுந்தால் தலைவலி வரும், நாளெல்லாம் படுத்தே கிடந்திருந்தாலும் வரும், எழுந்து நடமாடியிருந்தாலும் வரும். வந்த பிறகு நிமிர்ந்தால் கூடும், படுத்தால் குறையும் என்பதே அதன் அடையாளம். அப்படி வந்தால் சொல்லுங்கள், அதற்கு வைத்தியம் இருக்கிறது. "முதுகு ஊசி போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி" என்பதையும் இதே கணக்கில் சேர்த்துவிடலாம். ஊசி போன இடம் சில நாள் கன்றி வலிக்கும், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. கால் மரப்பு நேரம் ஆக ஆகக் குறைய வேண்டும். குறைந்த கால் மறுபடி கனத்தாலோ, மருந்தை நிறுத்தியும் அசையாமல் இருந்தாலோ, முதுகில் புதிதாகக் கடுமையான வலி வந்தாலோ உடனே கத்திச் சொல்லுங்கள், இரவானாலும். எபிடூரல் இடத்தில் இரத்தம் கட்டி நரம்புகளை அழுத்துவது மிக அபூர்வம். ஆனால் 8 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை எடுத்தால்தான் கால் திரும்ப நல்ல வாய்ப்பு. "ஒருக்களிச்சுப் படுத்ததால இருக்கும்" என்று யாராவது சொன்னால் அந்தப் பதிலை ஏற்காதீர்கள். எம்.ஆர்.ஐ. கேளுங்கள்.

குழாயை எடுக்கும் நாளிலும் இதே கவனம் வேண்டும். மூட்டு மாற்றியவர்களுக்கு இரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் எனாக்ஸபாரின் ஊசி போடுவார்கள். தடுப்பு அளவில் (உறைவதைத் தடுக்க மட்டும் போடும் குறைந்த அளவு) போட்டிருந்தால் கடைசி ஊசிக்கு 12 மணி நேரம் கழித்தே குழாயை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு 4 மணி நேரம் போனதும் அடுத்த ஊசி. அவசரத்தில் இந்தக் கணக்கு சில இடங்களில் தவறிப்போகிறது, நீங்களும் ஒரு காகிதத்தில் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து குனிந்த நிலையைவிட, ஒருக்களித்துப் படுத்த நிலையில் குழாய் குறைந்த இழுப்பிலேயே வந்துவிடும். வராவிட்டால் பலம் காட்டி இழுக்கக் கூடாது. போடும்போது எப்படி இருந்தாரோ அப்படி மறுபடி முதுகை வளைக்கச் சொன்னால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு வரும். வெளியே வந்ததும் நுனி முழுதாக இருக்கிறதா என்று எடுக்கிறவர் பார்ப்பார். உங்களுக்கும் காட்டச் சொல்லுங்கள்.